கட்டிலின் கால்மாட்டில் நான்கு செங்கல்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
9 ஜூன் 2025, திங்கள்

அன்புள்ள சிந்துஜா அப்பாவுக்கு,

இங்கு நலம். ஏனாமில் உங்கள் நலத்தை அத்தை காலையில் போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்று, "நல்லாருக்காரா?" என்றேன். "நல்லாருக்கானாம்" என்றார். நம் இருவருடைய இன்றைய தொலைபேசி உரையாடல் அவ்வளவுதான். உங்களுக்கு மாற்றல் வந்த அன்று நாம் பேசி வைத்தபடி, வீட்டுச் செய்தி போனில், நம் செய்தி தாளில். எழுதிப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். பொதுப்பணித் துறையில் உங்களுக்கு வாசிக்க நேரம் இருக்கும் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்று ஸ்கேன் எடுத்தோம். உங்கள் அக்கா தீபலட்சுமி அண்ணி கூட வந்தார். உள்ளே போகும் முன் ஒரு படிவம் தந்தார்கள். என் பெயர், உங்கள் பெயர், ஏற்கெனவே எத்தனை குழந்தை, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என ஓர் உறுதிமொழி. கையெழுத்துப் போட்டேன். கேட்கக் கூடாதது அது ஒன்றுதான் என்றால் மற்றதையெல்லாம் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போய்ப் படுத்தேன். ஸ்கேன் செய்தவர் முதலில் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. கருவியை அடிவயிற்றில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சுவரில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறு வாரம். துடிப்பு லேசா தெரியுது. ஆனா ரொம்ப கீழ இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சி வாங்க" என்றார்.

"கீழன்னா எங்க சார்?"

"கீழதாம்மா."

இதைக் கேட்டதும் அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீட்டு வாசலிலேயே, "எம்மா, எனக்கு இருந்த மாதிரியேதான்!" என்றார். மூன்று வருடம் முன்பு அவருக்கு நஞ்சுக்கொடி கீழே இருந்ததும், ஏழாம் மாதத்தில் அது மேலே ஏறிக்கொண்டதும் நம் தெருவே அறிந்த வரலாறு. அப்போது அவர் கட்டிலுக்கு வைத்த செங்கற்கள் பின்கட்டில் பத்திரமாக இருந்தன. நான்கு. கால்மாட்டில் ஒரு காலுக்கு இரண்டு. அந்தக் கட்டிலில்தான் இப்போது நான் தலை தாழ்ந்து கால் உயர்ந்து கிடக்கிறேன். பேனாவில் மை இறங்காததால் பென்சிலில் எழுதுகிறேன். ரத்தமெல்லாம் முகத்துக்கு வந்துவிட்டது. அத்தை, "பாரேன், இப்பவே மொகத்துல களை வந்துடுச்சி" என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சிந்துஜாவைச் சுமந்தபோது இப்படி இருந்ததில்லை. அந்த மனிதர் வெயிலைப் பற்றிப் பேசுவதை ஏன் நிறுத்தினார்?

உங்கள்
குழலி

*

ஏனாம்
11 ஜூன் 2025

பொருள்: கரு மேலே ஏறுதல் குறித்து.
பார்வை: தங்களின் 9.6.2025 நாளிட்ட பென்சில் கடிதம்.

அன்பு குழலி,

பார்வையில் கண்ட கடிதம் கிடைத்து, கவனமாகப் படிக்கப்பட்டது. மூன்று முறை படிக்கப்பட்டது. அதில் கூறப்பட்டுள்ள பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று இந்த அலுவலகம் கருதுகிறது.

அக்காவுக்கு ஏறவில்லையா? உனக்கும் ஏறிவிடும். செங்கல் வைத்தது சரியான நடவடிக்கை. எங்கள் அலுவலகத்தில் கீழே வைத்த கோப்பு மேலே போக எட்டு மாதம் ஆகிறது. உன் வேலை அதைவிடச் சீக்கிரம் முடியும். ஸ்கேன் எடுக்கிறவர்கள் பேச்சை நிறுத்துவது டீ வந்துவிட்டதா என்று யோசிப்பதற்காகவும் இருக்கலாம்.

இங்கே கண்காணிப்பாளர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பூதரேக்குலு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அம்மாவும் ஜோசியர் இராமதாஸிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாராம், இரண்டாவது சிசேரியன் ஆபரேஷனுக்கும் பிப்ரவரியில் ஒரு நல்ல நாள் பார்த்துத் தரும்படி. சிந்துஜாவுக்குப் பார்த்துத் தந்த நேரம் எவ்வளவு ராசியாக இருந்தது என்பதை நீயே அறிவாய்.

23ஆம் தேதி விடுப்பில் வருகிறேன். பயத்தை அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவருக்கு பிரஷர். அதுவரை படுத்திரு.

என்றும் உன்
செம்மல்

*

கருவடிக்குப்பம்
17 ஜூன் 2025, செவ்வாய்

அன்புள்ள சிந்துஜா அப்பாவுக்கு,

இதை உட்கார்ந்து, பேனாவில் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தனியாகப் படியுங்கள்.

நேற்று மாலை உதிரம் பட்டது. இரண்டு சொட்டுதான். "ஏறும்போது அப்பிடித்தான் இருக்கும்" என்றார் அத்தை. இன்று காலை என் அக்கா கலைமகள் வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். "இன்னாடி இது, கால மேல தூக்கி வச்சிக்கினு வவ்வால் மாதிரி? எழுந்திரு" என்று ஆட்டோவில் ஏற்றி, அவளுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அத்தை வாசல் வரை வந்து, "ஆட்டோ குலுக்குனா எறங்கிடும்டி" என்று அழுதார்.

அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டர் பெயர் ஷரீபா. கருவியை உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன். இவரும் பேச்சை நிறுத்தினார். ஆனால் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இத பாருங்க. இது கர்ப்பப்பை. உள்ள காலி. இது அதோட வாய். இதுவும் காலி. அப்ப கரு எங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டினார். "இங்க. போன ஆபரேஷன்ல தையல் போட்டாங்கல்ல, அந்தத் தழும்புக்குள்ள போய் உக்காந்திருக்கு."

கருவுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் எவ்வளவு சதை மிச்சம் இருக்கிறது என்று அளந்தார். திரையில் இரண்டு சின்னக் கூட்டல் குறிகள். இடையில் 1.8 மில்லிமீட்டர். அக்கா தன் பையிலிருந்து இரண்டு ஏடிஎம் அட்டைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். அதைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் எனக்கும் வெளியே இருக்கிற உலகத்துக்கும் நடுவில். பிறகு ரத்த ஓட்டத்தைக் கலரில் பார்த்தார். வட்டத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாகத் தீபாவளி.

"மேல ஏறாதா டாக்டர்?" என்றேன்.

"யார் சொன்னா ஏறும்னு?"

சொன்னேன். செங்கல் வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க அண்ணிக்குக் கீழ இருந்தது நஞ்சு. கர்ப்பப்பை பெருசாகப் பெருசாக அது மேல போன மாதிரி ஆயிடும். இது கருவே தழும்புல வேர் விட்டிருக்கு. தொட்டியச் சாய்ச்சா செடி நகருமா? மொதல்ல வீட்டுக்குப் போயி கட்டில நேராக்குங்க."

முதல் பிரசவத்தில் எதற்காக ஆபரேஷன் என்று கேட்டார்.

"நேரம் நல்லாருந்திச்சி."

"தல திரும்பலையா? தண்ணி கொறஞ்சி போச்சா?"

"இல்ல டாக்டர். ஒம்போது பத்துக்கு ரோகிணி."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, 'காரணம்: தெரியவில்லை' என்று எழுதினார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இது வளர வளரத் தழும்பு பிளக்கும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. பிளந்தால் ரத்தம் நிற்காது, கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரும், அதற்கும் நேரம் கிடைத்தால். வெளியே யாராவது 'க்ளீன் பண்ணி விடறேன்' என்றால் ஒத்துக்கொள்ளக் கூடாது. பார்க்காமல் சுரண்டினால் அதே கதைதான். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கருவுக்குள் செலுத்தி மருந்து வைப்பது ஒரு வழி. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செய்யலாம் என்கிறார். இப்போது சின்னதாக இருக்கும்போதே.

துடிப்பைப் பார்த்தேன். நிமிடத்துக்கு நூற்று முப்பது. ஓர் அரிசி அளவு வெளிச்சம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு எதுவும் தெரியாது, இடம் மாறி உட்கார்ந்ததுகூட.

வீட்டில் சொன்னேன். அத்தை, "அந்தம்மா ஆயிரம் சொல்லும், ஒரு மாசம் பொறு" என்கிறார். அண்ணி காலுக்கு மூன்று செங்கல் ஆக்கலாமா என்று பார்க்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இங்கே எல்லோரும் கேட்பார்கள். சொல்லுங்கள். இருமினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன்.

குழலி

*

ஏனாம்
18 ஜூன் 2025

பொருள்: மருத்துவர் ஷரீபாவின் ஆலோசனை, பரிசீலனையில் உள்ளது குறித்து.

அன்பு குழலி,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் நிதானமாக யோசிக்க வேண்டும்.

முதலாவது, ஒரே ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொருவரைக் கேட்க வேண்டாமா? துடிப்பு இருக்கிறது என்று நீயே எழுதுகிறாய். துடிப்பு இருந்தால் உயிர்தானே? அடுத்தது, அம்மா போனில் அழுகிறார். வெள்ளிக்கிழமை பதினொரு மணி சுத்தமான ராகு காலமாம். அதில் போய் ஊசியா என்கிறார். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன பிறகு அதை என்னால் மறக்கவும் முடியவில்லை.

கண்காணிப்பாளர் விடுப்பை முன்னால் தள்ள மாட்டேன் என்கிறார். திங்கட்கிழமை 23ஆம் தேதி காலை வந்துவிடுவேன். நடுவில் ஐந்து நாள்தான். எட்டு நாள் காத்திருந்தாய், ஐந்து நாள் முடியாதா? நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

முதல் ஆபரேஷன் பற்றி அந்த டாக்டரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அன்று நான் கையெழுத்துப் போட்டபோது நீயும் ஒன்றும் சொல்லவில்லையே.

இது கோபத்தில் எழுதியது இல்லை. எனக்கு எதுவும் ஓடவில்லை.

உன்
செம்மல்

*

கருவடிக்குப்பம்
19 ஜூன் 2025, வியாழன்

பொருள்: நாளைக் காலை 11 மணி. தகவலுக்காக மட்டும்.
பார்வை: தங்களின் 18.6.2025 நாளிட்ட கடிதம்.

திரு. செம்மல் அவர்களுக்கு,

ஒப்புதலுக்கு அனுப்பும் கோப்பு வேறு, தகவலுக்கு அனுப்பும் கோப்பு வேறு என்று கல்யாணமான புதிதில் நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். இது இரண்டாவது வகை.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன். "வலி வரட்டுமே, காத்திருக்கலாமா?" என்று கேட்டேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து, "நேரம் போயிடும் குழலி" என்றீர்கள். அந்த நேரம் போகவில்லை. ஐந்து வருடமாக என் வயிற்றுக்குள் தழும்பாக இருக்கிறது. அதற்குள்தான் இது வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்று போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நர்ஸ், "ஹஸ்பண்ட் சைன் எங்கம்மா?" என்றார். ஏனாமில் இருக்கிறது என்றேன். ஷரீபா டாக்டர் நிமிரக்கூட இல்லை. "அவங்க ஒடம்பு. அவங்க கையெழுத்து போதும்" என்றார்.

பயமாக இருக்கிறது. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால்: சிந்துஜாவுக்கு முட்டையின் மஞ்சள் பிடிக்காது. சோற்றில் மறைத்துக் கொடுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவாள், பிறகு வெள்ளையையும் நம்ப மாட்டாள். இடிக்குப் பயப்படுவாள். 'ஒண்ணுமில்ல' என்று சொல்லாதீர்கள், 'இடி' என்று சொல்லுங்கள். அடங்கிவிடுவாள். அவளுக்குப் பிற்காலத்தில் பிரசவம் என்று வந்தால் யாரும் பஞ்சாங்கத்தைக் கொண்டுவரக் கூடாது. இதை மட்டும் எழுதி எங்காவது ஒட்டிவையுங்கள்.

கட்டிலை நேராக்கிவிட்டேன். செங்கல் நான்கையும் நானே தூக்கவில்லை, அக்கா தூக்கினாள். அத்தை பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

கார்குழலி

*

முத்தியால்பேட்டை, அக்கா வீடு
25 ஜூன் 2025

செம்மல்,

ஞாயிற்றுக்கிழமையே ஓடிவந்து ஆஸ்பத்திரி வாசலில் சாத்துக்குடிப் பையோடு நின்றீர்கள். விடுப்பு தொடங்கும் முன்பே வந்ததாக அக்கா சொன்னாள். என்னால் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். திரை என் பக்கம் இருந்தது. "பாக்க வேணாம்னா அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார் டாக்டர். நான் திரும்பவில்லை. ஒரு கையில் ஸ்கேன் கருவி, மறு கையில் ஊசி. சாம்பல் நிறத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு நுழைந்தது. அதுதான் ஊசி. மெதுவாக, நூல் கோப்பதுபோல, கறுப்பு வட்டத்தை நோக்கி நகர்ந்தது. "நுனி தெரியுது. மூச்ச மெல்ல விடுங்க. அசையாதீங்க." ஒரு மயிரிழை தப்பினால் மூத்திரப்பை. சிவப்பும் நீலமும் எந்தப் பக்கம் அதிகமாக இருந்ததோ அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கமாகப் போனார். கோடு வட்டத்துக்குள் போனது. அரிசி வெளிச்சம் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிறகு விட்டு விட்டுச் சிமிட்டியது. பிறகு இல்லை.

அவர் கருவியை எடுக்கவில்லை. ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார். கடைசியில், "முடிஞ்சிதும்மா. அழறதுனா இப்ப அழலாம், ஊசிய எடுத்துட்டேன்" என்றார்.

இதற்கு முன் என் உடம்பில் நடந்த எதையும் எனக்குக் காட்டிவிட்டு ஒருவரும் செய்ததில்லை.

இன்னும் முடியவில்லை. ரத்தத்தில் பீட்டா என்று கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்க்கிறார்கள். இருபத்தோராயிரம். அது ஐந்துக்குக் கீழே இறங்கினால்தான் உள்ளே எதுவும் உயிரோடு இல்லை என்று அர்த்தம். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை எந்த நாளிலும் ரத்தம் கொட்டலாம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருங்கள் என்றார். அதனால் அக்கா வீட்டில் இருக்கிறேன். அதனால் மட்டும் இல்லை. சிந்துஜா என்னோடு இருக்கிறாள். தூங்கி எழுந்ததும் முதல் வேலையாகத் துணியைப் பார்க்கிறேன். வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது.

நானாக எழுதும்வரை எழுதாதீர்கள். எழுதினாலும் பதில் வராது.

கார்குழலி

*

புதுச்சேரி, பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு லாட்ஜ்
12 செப்டம்பர் 2025, வெள்ளி

அன்பு குழலி,

பொருள், பார்வை எதுவும் போடவில்லை. ஜூனுக்குப் பிறகு நான் எழுதிய ஐந்து கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை, சொன்னபடியே. இது ஆறாவது.

இன்னொரு கர்ப்பம் வந்தால் மறுபடியும் அதே இடத்தில் உட்காரக்கூடும் என்று டாக்டர் எச்சரித்திருப்பதாகப் போன மாதம் கலைமகள் போனில் சொன்னார். இன்று காலை நான் போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டேன். எனக்குத்தான். அம்மா நான் ஏனாமில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். அது ராகு காலம், பரவாயில்லையா என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன். உள்ளே ஒரு படிவம் தந்தார்கள். "மனைவி கையெழுத்து வேண்டாமா?" என்று கேட்டேன். வேண்டாமாம். பேனாவை வாங்கினேன். கை நடுங்கி, பெயரின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இன்னொரு படிவம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. வெறும் பதினைந்து நிமிட வேலை, ஆளை மயக்கக்கூட மாட்டார்கள், அதற்கே இப்படி.

அப்போதுதான் அந்த இன்னொரு கையெழுத்து நினைவுக்கு வந்தது. ஐந்து வருடம் முன்பு உன் தாளில் போட்டது. எவ்வளவு நிதானமாகப் போட்டேன். கை நடுங்கவே இல்லை. கோடுகூடப் போட்டேன் கீழே.

படுத்திருக்கும்போது டாக்டர் கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை பேச்சை நிறுத்தினார். குழலி, எனக்கு உயிர் போய்விட்டது. அவர் தும்முவதற்காகத்தான் நிறுத்தினார். ஜூன் மாதம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், அந்த மனிதர் ஏன் பேச்சை நிறுத்தினார் என்று. நான் டீ என்று பதில் எழுதினேன்.

ஷரீபா டாக்டர் சொன்ன நஞ்சு விஷயத்தை அக்காவுக்கும் அம்மாவுக்கும் விளக்கினேன். அக்காவுக்குப் புரிந்தது. அம்மா, ஊசி போட்டதால்தான் ஏறாமல் போயிற்று என்கிறார். அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஆனால் ஜோசியரிடம் சொல்லிவைத்த தேதியைத் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் அன்று சாப்பிடவில்லை.

இரண்டு நாள் அசையக் கூடாது என்றார்கள். லாட்ஜில் இருக்கிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். தகவலுக்காக.

செம்மல்

*

முத்தியால்பேட்டை
13 செப்டம்பர் 2025, சனி

அன்புள்ள செம்மல்,

இன்று காலை பீட்டா வந்தது. மூன்று. ஸ்கேனும் பார்த்தார்கள். தழும்பில் கரு இருந்த இடத்தில் ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. ஷரீபா டாக்டர் இந்த முறையும் பேச்சை நிறுத்தினார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லம்மா. கண்ணாடியத் தொடச்சிக்கிறேன்" என்றார். அந்த நடுக்கம் எனக்கு இனிப் போகாது என்று நினைக்கிறேன். உங்களுக்கும் கொஞ்சம் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதீர்கள். பரிசீலனையில் இருக்கிறது.

லாட்ஜ் சாப்பாடு வேண்டாம். பஸ்ஸில் ஏறாதீர்கள், ஆட்டோவைப் பிடித்து மெதுவாக ஓட்டச் சொல்லி இங்கே வாருங்கள். மாடி ஏற வேண்டாம். கீழ் அறையில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். கால்மாட்டில் எதுவும் இல்லை. நேராகத்தான் இருக்கிறது.

குழலி